பீஸ் கட்டினால் மட்டும் போதாது

மகளுக்கு எட்டு வயது நடந்தபோது, கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் ஊரின் சாக்கர் லீக்கில் பெயர் கொடுத்தோம். 2022 மார்ச்சில் பணம் கட்டியதோடு சரி, அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஜூலைக் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் மகளின் பிரிவில் ஓர் அணிக்கு இன்னும் கோச் அமையவில்லை, பெற்றோரில் ஒருவர் முன்வராவிட்டால் அந்த அணியைக் கலைத்துப் பிள்ளைகளைக் காத்திருப்போர் பட்டியலில் போட வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “கோச் இல்லாம எதுக்கு பீஸ் வாங்கினாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் எங்களுக்குத் தெரிய ஒரு சீசன் பிடித்தது.

இங்கே பிள்ளைகளுக்குச் சாக்கர் சொல்லிக்கொடுக்க இரண்டு வழி. ஒன்று கிளப். அங்கே தேர்வு வைத்து எடுப்பார்கள், கோச்சுக்குச் சம்பளம் உண்டு, வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். இன்னொன்று ஊர்ப் பெற்றோர்களே கூடி நடத்தும் லீக். இந்த வகையில் பேர் பெற்றது அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன். 1964-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் டோரன்ஸ் என்ற ஊரில் ஒன்பது அணிகளோடு தொடங்கி, பிறகு நாடு முழுக்கக் கிளை விட்டது. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, அணிகளைச் சமபலமாகப் பிரிப்பது, வந்த ஒவ்வொரு பிள்ளையையும் ஆட்டத்தில் பாதி நேரமாவது களத்தில் இறக்குவது என்று அவர்கள் வைத்த வழக்கத்தை வேறு பல லீக்குகளிலும் பார்க்கலாம். எங்கள் ஊர் லீக்கின் பெயர் இங்கே வேண்டாம். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லப் போகிறேன்.

நாங்கள் கட்டிய பணம் ஜெர்சிக்கும், மைதான வாடகைக்கும், காப்பீட்டுக்கும், பந்து, கோன், நெட் இவற்றுக்கும் போனது. யாருடைய சம்பளத்துக்கும் போகவில்லை. பதிவைப் பார்த்துக்கொண்ட பெண்மணி பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர். அவருடைய பதில்கள் இரவு பதினொரு மணிக்கு வரும். அட்டவணை போடுகிறவர் பள்ளி ஆசிரியர். இதெல்லாம் தெரியாமல், “பணம் கட்டியிருக்கோம், சர்வீஸ் சரியில்லை” என்று வாட்ஸ்அப் குழுவில் பொங்கியவர்கள் எங்கள் ஆட்களில் நிறைய. ஊரில் பள்ளிக்கூடம், டியூஷன் என்று பணம் கட்டிப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்துவிட்டு வடம் பிடிக்கவும் போவதில்லையா, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் இந்த லீக் பிடிபடும்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஆடியது மதுரைத் தெருவில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் மட்டும். பரவாயில்லை, பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும் என்று லீக்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்பும் வைத்தார்கள். ஆனால் பந்தைத் தொடுவதற்கு முன்னால் தாள் வேலை வரிசையாக வந்தது. தலையில் அடிபட்டால் மூளை அதிர்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓர் இணைய வகுப்பு. திடீரென்று இதயம் நின்றுபோவது பற்றி ஒன்று. பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காப்பது பற்றி இன்னொன்று, அதுதான் நீளமானது. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் ஏ.பி. 506 என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளோடு மாதம் 16 மணி நேரமோ வருடம் 32 மணி நேரமோ மிஞ்சிப் பழகும் தன்னார்வலர்கள் எல்லோரும் கைரேகை கொடுத்து, காவல்துறைப் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். சென்னையில் விசாவுக்குக் கொடுத்தது, இங்கே கிரீன் கார்டுக்குக் கொடுத்தது போதாதென்று, பார்சல் அனுப்பும் கடை ஒன்றின் பின்னறையில் நின்று பத்து விரலையும் மறுபடி உருட்டினார் மனிதர். “ஃபுட்பால் சொல்லிக்குடுக்க இவ்ளோ கெடுபிடியா?” என்று சலித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கெடுபிடி பிடித்திருந்தது. மற்றவர்கள் தங்கள் பிள்ளையை வாரத்தில் மூன்று நாள் யாரோ ஒருவரிடம் விடப்போகிறார்கள், அந்த ஆளின் ரேகை எங்கேயாவது இருக்கட்டும்.

அந்த வகுப்புகளில் சொன்ன ஒரு விதியைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பெற்ற பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பிள்ளையோடும் கோச் தனியாக இருக்கக் கூடாது. இரண்டு பெரியவர்கள் வேண்டும். பிராக்டீஸ் ஆறரைக்கு முடியும். அக்டோபர் கடைசியில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. ஒரு பையனின் அப்பா வாரம் தவறாமல் ஏழு மணிக்குத்தான் வருவார், ஹைவேயில் டிராஃபிக் என்பார். அந்த அரை மணி நேரம் என் வீட்டுக்காரர் மட்டும் காத்திருந்தால் போதாது, இன்னொரு பெற்றோரும் நிற்க வேண்டும். அவர்கள் வீட்டில் அடுப்பில் எதுவும் ஏறியிருக்காது, அடுத்த பிள்ளைக்கு வயலின் வகுப்பு இருக்கும். கார் விளக்கைப் போட்டுவிட்டு, பையனுக்கு மீதமிருந்த பிஸ்கட்டைக் கொடுத்து, நாங்கள் நான்கைந்து பேர் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருப்போம். அவர் வந்ததும் “தேங்க்ஸ் கோச்” என்று கண்ணாடியை இறக்காமலேயே கையசைத்துவிட்டுப் போவார். அவருக்கு நாங்கள் சம்பளக்காரர்கள்.

அணி பிரிக்கிற விதமும் நம்மவர்களை உறுத்தும். ஒரே குடியிருப்பில் இருக்கும் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளை ஒரே அணியில் போடச் சொல்லிக் கேட்டோம். கார் மாற்றி மாற்றி ஓட்டலாம், பேச்சுத் துணைக்கும் ஆச்சு என்று நினைப்பு. முடியாது என்றார்கள். முந்தைய வருட கோச்சுகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்ட மதிப்பெண்ணை வைத்து, கெட்டிக்காரர்களையும் புதியவர்களையும் எல்லா அணிக்கும் பரத்திப் போடுவார்கள். கோச்சின் பிள்ளை மட்டும் கோச்சோடு இருக்கும். நண்பர்கள் சேர்ந்து ஆட வேண்டுமென்று விட்டால், நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே அணியில் திரண்டுவிடுவார்கள், மற்ற அணிகள் பத்துக்குப் பூஜ்யம் என்று வாரா வாரம் உதை வாங்கும். அதைப் பிறகு கண்ணால் பார்த்தேன். மதிப்பெண் தப்பாகப் போட்டதால் ஒரு வருடம் ஓர் அணி அப்படி அமைந்துவிட்டது. எதிரணிப் பிள்ளைகள் பாவம், ஆட்டம் முடிவதற்குள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

பத்து வயதுக்குள் ஆட்டம் ஏழுக்கு ஏழு. 25 நிமிடமாக இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஆட்டத்தை நிறுத்தி ஆள் மாற்றுவார்கள், ஆக நான்கு கால் பகுதிகள். எங்கள் அணியில் ஒன்பது பேர். ஏழு இடம், நான்கு கால், மொத்தம் இருபத்தெட்டு. ஒன்பது பேருக்கும் மூன்று மூன்று கொடுத்தால் இருபத்தேழு. மிஞ்சும் ஓர் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை இரவு போகும். சாப்பாட்டு மேஜையில் கட்டம் போட்ட தாளை விரித்து, போன வாரம் முழு ஆட்டம் ஆடியவள் யார், கோலியாக நிற்க மாட்டேன் என்று அழுதவன் யார், ஆஸ்துமா இன்ஹேலர் வைத்திருப்பவன் எந்தக் கால் பகுதியில் ஓய்வெடுக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதி, அழித்து, எழுதுவார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: “சாரி கோச், இன்னிக்கு பர்த்டே பார்ட்டி, வர முடியாது.” தாள் மொத்தமும் குப்பைக்குப் போகும். நவராத்திரியும் தீபாவளியும் சீசன் நடுவில்தான் வரும். கொலுவுக்குப் போங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பாதி நேர விதியைக் காகிதத்தில் பார்க்கும்போது எல்லோரும் ஆஹா என்பார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, கடைசிக் கால் பகுதியில், பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு குழந்தை தடுப்பு வரிசையில் நிற்கும். அப்போது பார்க்க வேண்டும் அப்பாக்களின் முகத்தை. “கோச், அவளை இப்ப இறக்கணுமா?” என்று எனக்குக் கேட்கும்படியே ஒருவர் கேட்டார். அந்தப் பெண்ணின் அம்மா மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அன்று கோல் விழுந்தது, தோற்றோம். அவள் அடுத்த வருடமும் வந்தாள், அடுத்ததற்கு அடுத்த வருடமும் வந்தாள். கேள்வி கேட்டவரின் பையன் பாதியில் நின்றுவிட்டான். இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனாலும் எட்டு வயதுக் குழந்தையை ஜெயிப்பதற்காக உட்காரவைக்கும் இடத்துக்கு என் பெண்ணை அந்த வயதில் அனுப்பியிருக்க மாட்டேன்.

அடுத்த சீசனில் ரெஃப்ரி பற்றாக்குறை என்று கையைப் பிடித்து இழுத்தார்கள், நான் போனேன். ஒரு நாள் வகுப்பு, ஒரு தேர்வு, மஞ்சள் சட்டை, விசில். நாற்பதைத் தாண்டிய வயதில் நான் கால்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதைப் பார்க்க என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். “நல்லா ஓடுறே, ஆனா பந்தையே தொட மாட்டேங்குறியே” என்றார்.

ரெஃப்ரி ஆனபிறகு பெற்றோர் எனக்கு வேறு மாதிரி தெரிந்தார்கள். பாதிக் கூச்சல் விதி தெரியாததால் வருவது. பத்து வயதுக்குள் தலையால் முட்டக் கூடாது. 2015 நவம்பரில் அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு மூளை அதிர்ச்சி வழக்கு ஒன்றை முடித்துக்கொண்டபோது கொண்டுவந்த தடை அது. வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அது தெரியாமல் தாத்தா ஒருவர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, “தலையைக் குடுடா, தலையைக் குடு!” என்று பேரனுக்குக் கத்துவார். பேரன் கொடுப்பான், நான் ஊதுவேன், தாத்தா என்னைத் திட்டுவார். அதேபோல் கோலி பந்தைக் கையில் எடுத்ததும் எதிரணியினர் ஒரு கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், கோலி பந்தை உதைத்துத் தூரம் அனுப்பக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துத்தான் ஆட்டத்தைக் கட்ட வேண்டும். உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணராவியாக இருக்கும். இரண்டு பக்கத் தாள்தான் விதிகள். சீசன் தொடங்கும்போதே அனுப்புகிறார்கள். படித்தவர்கள் வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

நகை விவகாரம் தனி. ஆட்டத்துக்கு முன்னால் ரெஃப்ரி ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க வேண்டும். ஷின் கார்டு சாக்ஸுக்குள் இருக்கிறதா, காலணியில் கூர் இருக்கிறதா, உடம்பில் நகை எதுவும் உண்டா. டேப் ஒட்டி மறைத்தாலும் செல்லாது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். செப்டம்பரின் முதல் ஆட்டத்தில் ஒரு சின்னப் பெண், நம் திருநெல்வேலிப் பக்கம். விடுமுறைக்கு ஊருக்குப் போய், குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியிருந்தார்கள். தங்கத் தோடு பளபளத்தது. தோட்டோடு இறங்க முடியாது என்றேன். பாட்டி எழுந்து வந்தார்.

“நீயும் நம்ம ஊருப் பொண்ணுதானே தாயி, கண்டுக்காம விட்டுரேன். கழட்டுனா ஓட்டை தூந்துரும்.”

“பந்து வேகமா வந்து காதுல பட்டா, தோடு பின்னாடி குத்தும் பாட்டி. அப்புறம் நீங்கதான் அழுவீங்க.”

அந்தக் குழந்தை முழுச் சீருடையில் ஓரத்தில் உட்கார்ந்தே அன்றைய ஆட்டத்தைப் பார்த்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் பாட்டி தயாராக வந்தார். விளக்குமாற்றிலிருந்து முறித்து, முனை தேய்த்து, மஞ்சள் தடவிய இரண்டு ஈர்க்குச்சித் துண்டுகள் ஒரு டிஷ்யூ தாளில் மடித்து இடுப்பில் இருந்தன. ஆட்டத்துக்கு முன் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் பேத்தியை நிறுத்தி, காதில் குச்சியைச் செருகி, வீட்டுக்குப் போய்த் தோடு போட்டுக்கொள்ளலாம் என்று கூட்டிப்போனார். நான் எல்லோருக்கும் சொல்வது: காதுகுத்து வைப்பதானால் டிசம்பர் விடுமுறையில் வையுங்கள். சீசன் நவம்பரில் முடிந்துவிடும். கையில் கட்டிய சாமிக் கயிற்றுக்கும் இதே கதை வரும், முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வருடத்தில் ஒரு சனிக்கிழமை மௌன சனிக்கிழமை. பெற்றோர் வாயே திறக்கக் கூடாது, கை தட்டலாம். மைதான வாசலில் லாலிபாப் கொடுப்பார்கள், வாய்க்குள் ஏதாவது இருந்தால் சத்தம் வராது என்று. முதல் தடவை, பெரிய மீசை வைத்த அப்பாக்கள் வரிசையாக லாலிபாப் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு விசில் ஊத வரவில்லை. அன்றுதான் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவது என் காதில் விழுந்தது. “பின்னாடி ஆள்”, “எனக்குக் குடு”, “நான் கோலி மாறிக்கறேன்” என்றெல்லாம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கத்திக்கொண்டார்கள். மற்ற வாரங்களில் அந்த இடத்தில் எங்கள் குரல்தான் இருக்கும்.

விசில் ஊதுகிறவர்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் உண்டு. சின்னவர்களின் ஆட்டத்துக்கு அவர்களைத்தான் போடுவார்கள். அவர்கள்மீது பாய்கிற பெரியவர்களை நான் மன்னிப்பதில்லை. ஒரு முறை அப்படிக் கத்திய ஒருவரை, அவர் எங்கள் குடியிருப்புக்காரர், பார்க்கிங்கில் போய் நிற்கச் சொல்லி அனுப்பினேன். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை.

கோல் போஸ்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் மைதானம் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம், அதனால் போஸ்ட்டுகளை நிரந்தரமாக ஊன்ற முடியாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான்கு பேர் தூக்கி வந்து வைத்து, நெட் கட்டி, பின்கட்டையில் மணல் மூட்டை போட வேண்டும். மூட்டை போடுவது எதற்கென்று தெரியாதவர்கள், நேரமாகிவிட்டது, விட்டுவிடலாம் என்பார்கள். நகர்த்தக்கூடிய போஸ்ட் முன்பக்கம் கனமானது. பிள்ளைகள் தொங்கினால் அப்படியே கவிழும். இல்லினாய் மாநிலத்தில் 2003-ல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் போஸ்ட் கவிழ்ந்து இறந்துபோனான். அங்கே 2011-ல் போஸ்ட்டுகளைப் பாதுகாப்பாகப் பொருத்தச் சொல்லிச் சட்டமே வந்தது. பெற்றோர் வேலைகளில் மிகச் சலிப்பானது இந்த மூட்டை தூக்குவதுதான். கோச்சாகவோ ரெஃப்ரியாகவோ வர முடியாதவர்கள் இதற்காவது கை கொடுக்கலாம்.

ஒரு சீசன் முடிந்ததும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி, “எப்ப கிளப்புக்கு மாத்தறீங்க?” லீக்கில் ஆட்ட நுணுக்கம் அதிகம் வராது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் அணியில் இருந்த இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு அவரிடம் கற்க ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை அங்கேயே வைத்திருப்பது தியாகமும் இல்லை, கொள்கையும் இல்லை. ஆனால் அவசரத்துக்கும் காரணம் இல்லை. 2015, 2019 உலகக் கோப்பைகளை வென்ற அமெரிக்க அணியில் ஆடிய அலெக்ஸ் மார்கன், சின்ன வயதில் டைமண்ட் பார் ஊரில் இதே மாதிரித் தன்னார்வலர் லீக்கில்தான் ஆடினார். கிளப்பில் சேர்ந்தது 14 வயதில். இதைச் சொன்னால், “நம்ம பொண்ணு என்ன அலெக்ஸ் மார்கனா?” என்பார்கள். இல்லைதான், பின்னே ஏழு வயதில் கிளப் எதற்கு?

எங்கள் மகள் பதினொரு வயதில் தானே கேட்டுக் கிளப்புக்குப் போனாள். அங்கே கோச்சுக்கு நாங்கள் மின்னஞ்சல் எழுதினால் நாங்கள் வாடிக்கையாளர், மரியாதையாகப் பதில் வரும். வெளியூர் ஆட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி போகும், பெட்ரோலும் ஓட்டல் அறையும் தனிக் கணக்கு. முதல் மாதம் இரண்டு ஆட்டங்கள் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் லீக்கில் இன்னும் ரெஃப்ரியாக இருக்கிறேன். சேர நினைக்கிறவர்கள் வசந்த காலத்திலேயே பதிந்துவிடுங்கள், ஜூனுக்கு மேல் போனால் காத்திருக்க வைப்பார்கள். பதிவுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பெற்றோருக்கான வேலைப் பட்டியல் வரும். ஸ்னாக் கொண்டுவருவதை எல்லோரும் முதலில் எடுத்துவிடுவார்கள். புகைப்பட நாள் உதவி சுலபம், ஒரு நாளோடு போய்விடும். நெட் கட்டும் வேலைதான் கடைசிவரை மிஞ்சும். அதற்குப் பேர் கொடுத்தால் கையுறை எடுத்துப்போங்கள், அக்டோபர் காலையில் அந்த இரும்புக் குழாய் ஜில்லென்று இருக்கும்.